படத்தைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாதா?

பாளையங்கோட்டையில் காமிக்ஸ் வாசிக்கும் கூட்டம் ஒன்று எங்களுக்கு உண்டு. சிவகாசியிலிருந்து புதுப் புத்தகம் வந்ததும் ஆளுக்கொரு விமர்சனம் எழுதுவார்கள். எல்லாமே கதைச் சுருக்கம்தான். யார் செத்தான், யார் துரோகி, கடைசிப் பக்கத்தில் என்ன, அத்தனையும் வந்துவிடும். படத்தைப் பற்றி? 'ஓவியம் அருமை.' அவ்வளவுதான்.

தோர்கல் என்ற மாய உலகக் காமிக்ஸ் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1977இல் தொடங்கியது. எழுதியவர் வான் ஹாம், சரி. ஆனால் அந்தப் பனியையும் கடலையும் நம்மை நம்ப வைத்தது போலந்துக்காரர் ரோசின்ஸ்கியின் கைதானே? மாய உலகக் கதையில் படம்தான் பாதிக் கதை. வசனமே இல்லாத ஒரு கட்டத்தில் ஒரு முகம் மெல்லத் திரும்பும், விஷயம் முழுக்க அதில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு என்ன விமர்சனம்?

போன வாரம் திருநெல்வேலி சந்திப்பு பக்கம் டீக்கடையில் ஒருத்தன், "ஏலே, கடைசில அந்தப் பிள்ளைதான்..." என்று ஆரம்பித்தான். நான் இன்னும் புத்தகத்தின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்படியும் அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டது.