98 உலகக்கோப்பை ஃபைனலில் பிளாங் ஆடவே இல்லை

பிரான்ஸ் கால்பந்து டிஃபெண்டர் லோரான் பிளாங் 98 உலகக்கோப்பை ஃபைனலில் பிரேசிலை மறித்து நின்றார், எந்த கிளப்பிலும் ஒட்டாதவர், கோச்சாக பிஎஸ்ஜி (பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் கிளப்) பணத்தைத் தவிர ஒன்றுமில்லை என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். அந்த ஃபைனலில் அவர் ஆடவே இல்லை. குரோஷியாவுடனான அரையிறுதியில் ஃப்ரீகிக் சமயத்தில் குரோஷிய வீரர் பிலிச்சைக் கையால் தள்ளினார். கை பட்டது முகவாயில், பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். பிளாங்குக்கு சிவப்பு அட்டை, அதனால் ஃபைனலில் ஆடத் தடை. ஃபைனலில் அவர் இடத்தில் ஆடியவர் லெபஃப். ஆனால் பராகுவேக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கோல்டன் கோல் (அடித்தவுடன் ஆட்டம் முடிந்துவிடும் கோல்) அடித்து பிரான்ஸைக் கரைசேர்த்தது இதே பிளாங்தான், அதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே.

நாப்போலி, பார்சிலோனா, இன்டர், மான்செஸ்டர் யுனைடெட் என்று நிறைய சுற்றியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் தொடங்கிய மோன்பெலியேவில் மட்டும் 8 வருடம் இருந்தார். அப்போது அவர் டிஃபெண்டர்கூட இல்லை, கோல் அடிக்கும் மிட்ஃபீல்டர்.

கோச்சிங்கில் பிஎஸ்ஜி பணம் உதவியது உண்மை. அங்கே மூன்று லீக் பட்டம் வென்றும் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியைத் தாண்டவில்லை. அதற்கு முன்பே 2009-ல், தொடர்ந்து 7 முறை பட்டம் வென்றிருந்த லியோனை முறியடித்து பிரெஞ்சு கிளப்பான போர்தோவை (Bordeaux) பிரெஞ்சு லீக் சாம்பியனாக்கினார். அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் பேயர்ன், யுவென்டஸ் இரண்டையும் முந்தி போர்தோ முதலிடம். இதற்கும் பிஎஸ்ஜிதான் பணம் கொடுத்ததா?