நாற்றம் இல்லையென்றால் கசிவும் இல்லையா?

"அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மார்செல்லஸ் ஷேல் என்னும் பாறையடுக்கிலிருந்து இயற்கை எரிவாயு எடுக்கும் கிணறுகளுக்குப் பக்கத்தில் உள்ள வாயுக் குழாய் கசிந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், வராவிட்டால் பயமில்லை" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தான தவறு.

இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு மணமே கிடையாது. அந்த நாற்றம் பின்னால் கலக்கும் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளுடையது. வீடுகளுக்கு வரும் விநியோகக் குழாய்களில் அதைக் கலப்பது கட்டாயம்: காற்றில் வாயு சுமார் 1% சேர்ந்தாலே மூக்குக்குத் தெரிய வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சி விதி 49 சி.எஃப்.ஆர். 192.625-இல் பார்க்கலாம். கிணற்றிலிருந்து வாயுவைத் திரட்டும் கிராமப்புறக் குழாய்களில் பெரும்பாலும் கலப்பதில்லை.

அங்கே கண்ணையும் காதையும்தான் நம்ப வேண்டும்: சீறும் ஓசை, கிளம்பும் புழுதி, தேங்கிய நீரில் விடாத குமிழி, பச்சைக்கு நடுவே திட்டாகக் காய்ந்த புல். பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நடந்தே தூரம் விலகி, பிறகு அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.