கெடு எனக்கு மட்டும்தானா?

இன்றும் ஒத்திவைத்துவிட்டார்கள். மூன்றாவது முறை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அதன் சுருக்கத்தைக் குழு பார்க்கும் சினாப்சிஸ் கூட்டம் காலை பத்து மணிக்கு என்று போன வாரம் கடிதம் கொடுத்தவர்கள், நான் ஆற்காட்டிலிருந்து கிளம்பி வந்து, ஆய்வுச் சுருக்கத்தின் ஆறு பிரதிகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடைகூடத்தில் நின்ற பிறகு, பத்தேகாலுக்கு உதவியாளரை அனுப்பிச் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வர வேண்டிய உறுப்பினருக்கு வேறு வேலை வந்துவிட்டதாம். தேதியைப் பிறகு சொல்வார்களாம். அந்த வேறு வேலை நேற்று இரவே தெரிந்திருக்காதா? ஒரு போன் செய்ய ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

எனக்கும்தான் வேலை இருந்தது. நான் பகுதி நேர பிஎச்.டி. ஆய்வாளர். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். இன்றைய இரண்டு வகுப்பையும் ஒரு லேபையும் சக ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொடுத்து, சம்பளமில்லாத விடுப்பு எழுதிவைத்துவிட்டு வந்தேன். இப்படிப் போன விடுப்பு இந்த ஆண்டில் மட்டும் பதினொரு நாள்.

பதிவு செய்தபோது என் மகள் இரண்டாம் வகுப்பு. இப்போது எட்டாம் வகுப்பு. ஆறு ஆண்டு முடிய இன்னும் 41 நாள் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2016 விதியானாலும் சரி, 2022 விதியானாலும் சரி, பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு என்கிறார்கள். உண்டுதான். அதற்கு விண்ணப்பம், ஆய்வு வழிகாட்டியான கைடின் பரிந்துரை, ஆய்வுக் குழுவின் ஒப்புதல், நீட்டிப்புக் கட்டணம் எல்லாம் வேண்டும். மூன்று முறை கூட்டத்தைத் தள்ளிவைத்தது அவர்கள். கட்டணம் கட்டப்போவது நான். இது எந்த ஊர் நியாயம்?

என் பங்கில் எது பாக்கி என்று யாராவது சொல்லட்டும். தொடக்கத்தில் படித்துத் தேற வேண்டிய பாடங்களான கோர்ஸ்வொர்க்கில் 55 விழுக்காடு வேண்டும் என்றார்கள், எல்லாத் தாளிலும் அதைத் தாண்டித்தான் வாங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழுவின் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும், நின்றேன். ஒரு முறை மட்டும் அறிக்கை நான்கு நாள் தாமதம். கைடு வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போயிருந்தார், அவர் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்கள். அதற்கும் என்னிடம்தான் அபராதம் வாங்கினார்கள். அந்த ரசீதை இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எனக்கு ஆறவே ஆறாத ஒன்று இருக்கிறது. என் ஆய்வு ராணிப்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீரில் கலந்துள்ள குரோமியம் என்ற உலோகத்தைப் புளியங்கொட்டைக் கரியைக் கொண்டு பிரிப்பது. இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்து கிடந்தது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு பாழானதைப் பற்றி 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆர்வத்தில் எடுத்த தலைப்பு அல்ல இது. என் பெரியப்பாவின் நிலத்துக் கிணறு அந்தப் பக்கம்தான் இருந்தது.

குரோமியத்தின் நச்சுள்ள வடிவமான குரோமியம்-6 நீரில் அப்படியே இருந்துவிடாது, நேரமானால் மாறத் தொடங்கும். அதனால் மாதிரியைக் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்துவிட வேண்டும். போன ஆண்டு மே மாதம், கத்திரி வெயில். விடிந்ததும் விடியாததுமாக ஆழ்துளைக் கிணற்றில் பிடித்த தண்ணீர், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இளமஞ்சள். எட்டு பாட்டில். ஐஸ் பெட்டியில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மேல்விஷாரம் தாண்டும்போதே பெட்டி கசிந்து சேலை நனைந்துவிட்டது. ஒன்பதரைக்கு லேப் வாசலில் நின்றேன். மருந்தைச் சேர்த்தால் ஊதா கலந்த சிவப்பு வரும், அந்த நிறத்தைக் கருவியில் 540 நானோமீட்டரில் வைத்து அளக்க வேண்டும், எட்டு பாட்டிலுக்கும் சேர்த்து ஒரு மணி நேர வேலை. கருவி அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் தேர்வுப் பணிக்குப் போயிருந்தார். மாற்றுச் சாவி துறைத் தலைவரிடம், அவர் கூட்டத்தில். பக்கத்துக் கடையில் மூன்று முறை ஐஸ் வாங்கிக் கொட்டினேன். மாலை ஐந்து வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடுமுறை. எட்டு பாட்டிலையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய கழிவு கேனில் ஊற்றினேன்.

அடுத்த முன்னேற்ற அறிக்கையில் குழு எழுதிய வாசகம்: "கள மாதிரிகளின் எண்ணிக்கை போதாது." கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பூட்டிய அறையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். அறிக்கையில் அதற்கு இடமில்லை என்றார் ஒருவர். உண்மைதான், அந்தப் படிவத்தில் ஆய்வாளரின் தாமதத்துக்குக் கட்டம் இருக்கிறது, நிறுவனத்தின் தாமதத்துக்கு இல்லை.

கட்டுரைக் கதை இன்னொன்று. 2016 விதி கேட்டது ஓர் ஆய்விதழ்க் கட்டுரை, இரண்டு கருத்தரங்கு உரை. 2022 விதியில் அந்தக் கட்டாயமும் இல்லை. எங்கள் இடத்தில் ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் இரண்டு கட்டுரை. சரி, கூடுதலாகக் கேட்கட்டும், எழுதினேன். முதல் கட்டுரையை ஓர் இதழ் பதினான்கு மாதம் வைத்திருந்து வெளியிட்டது. வெளிவந்த சில மாதங்களில் அந்த இதழைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் அனுப்பிய நாளில் பட்டியலில் இருந்தது, ஏற்றுக்கொண்ட நாளிலும் இருந்தது, அச்சிட்ட நாளிலும் இருந்தது. ஆனாலும் கணக்கில் சேராதாம். புதிதாக ஒன்று எழுத ஓராண்டு போயிற்று.

கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு கொடுத்து ஆய்வேடு எழுதி வாங்குகிறவர்கள் இருக்கும் நாட்டில் கண்டிப்பு வேண்டும். பிறர் எழுத்தோடு ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றால் தாராளமாகச் சோதியுங்கள். வாய்மொழித் தேர்வான வைவாவில் நான்கு மணி நேரம் நிறுத்திவைத்துக் கேள்வி கேளுங்கள். என் தரவில் ஓட்டை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், திரும்பப் போய்ச் செய்கிறேன். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்து ஏழு மாதமாகியும் கைடு முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை என்றால், அதில் எந்தத் தரம் காப்பாற்றப்படுகிறது?

இதைத் தாண்டினாலும் நிம்மதி இல்லை. என்னோடு சேர்ந்த தோழி ஆய்வேட்டைச் சமர்ப்பித்து இது பதினோராவது மாதம். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மதிப்பீடு முழுவதும் முடிய வேண்டும் என்று அதே யு.ஜி.சி. விதிதான் சொல்கிறது. ஒரு தேர்வாளரின் அறிக்கை வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினீர்களா என்று கேட்டால், அது ரகசியமாம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி பிஎச்.டி. இல்லாமல் இணைப் பேராசிரியர் ஆக முடியாது. அந்தப் பதவிக்கான நேர்காணல் ஒன்று அவளைத் தாண்டிப் போய்விட்டது. அதை யார் திருப்பித் தருவார்கள்? அந்தத் தேர்வாளருக்கு அபராதம் உண்டா?

எனக்கு நாள் குறித்தது போல அவர்களுக்கும் குறியுங்கள். அத்தியாயத்தைத் திருத்தித் தர 30 நாள். கூட்டத்தைத் தள்ளிவைத்தால் 15 நாளுக்குள் மறுகூட்டம். அவர்கள் பக்கத்தில் கழிந்த நாட்களை என் ஆறு ஆண்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள், அந்த நாட்களுக்கு நீட்டிப்புக் கட்டணம் கேட்காதீர்கள்.

இதைத்தான் இப்போது கடிதமாக எழுதிவைத்திருக்கிறேன். மூன்று ஒத்திவைப்புத் தேதிகள், பூட்டிய அறையின் தேதி, அபராத ரசீதின் நகல் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. கைடைப் பகைத்துக்கொள்ளாதே, கடைசிக் கட்டத்தில் கவிழ்த்துவிடுவார் என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். அந்தப் பயத்தில்தான் ஆறு ஆண்டு வாய் மூடியிருந்தேன். நாளைக்கு இன்னொரு அரை நாள் சம்பளம் போகட்டும். பதிவாளர் அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்காமல் வரப்போவதில்லை.