வெளியே போன பந்துக்கு எப்படிய்யா கோல் கொடுப்பீர்கள்?

பந்து வெளியே போய்விட்டது. கோட்டின் மேல் இல்லை, கோட்டை உரசிக்கொண்டும் இல்லை, முழுப் பந்தும் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. அதை ஒருத்தர் காலால் உள்ளே இழுத்துவிடுகிறார், இன்னொருத்தர் வலைக்குள் தட்டிவிடுகிறார், ரெஃப்ரி கோல் என்கிறார்! 2024 ஜூன் 11, தோஹா, இந்தியா–கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச்சுற்று மேட்ச். இத்தனை நாள் ஆகியும் அந்த 73-வது நிமிடத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கத்தாருக்கு ஃப்ரீ கிக். பந்து பாக்ஸுக்குள் வருகிறது, கத்தாரின் யூசுஃப் அய்மன் தலையால் முட்டுகிறார், நம் கோல்கீப்பர் குர்பிரீத் விழுந்து தடுக்கிறார். பந்து அவர் உடம்புக்கு அடியில் நழுவி, போஸ்ட்டுக்கு வெளியே கோல் லைனைத் தாண்டி உருள்கிறது. கார்னர், அவ்வளவுதான் விஷயம். நம் பசங்களும் அப்படித்தான் நினைத்து நின்றுவிட்டார்கள். கத்தாரின் அல் ஹாஷ்மி அந்தப் பந்தைக் காலால் உள்ளே இழுக்கிறார், அய்மன் அடிக்கிறார். கொடி ஏறவில்லை. குர்பிரீத்தும் மற்றவர்களும் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டு கையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார்கள். அவர் அசையவே இல்லை.

"விசில் அடிக்கும்வரை ஆட வேண்டியதுதானே" என்று அன்றைக்கே சில மகான்கள் கிளம்பினார்கள். அய்யா, பந்து கோட்டைத் தாண்டிய நொடியிலேயே ஆட்டம் நின்றுவிட்டது. தரையிலோ காற்றிலோ முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால் அவுட் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்லத்தானே கோட்டோரம் கொடியோடு ஒருத்தரை நிறுத்தியிருக்கிறார்கள்? அவர் கோட்டைவிட்டதற்கு ஆடினவன் மேல் பழி போடாதீர்கள்.

அந்த கோல் எதைத் தின்றது என்று கணக்குப் போடுங்கள். 37-வது நிமிடத்தில் பிராண்டன் கொடுத்த பாஸை சாங்தே கோலாக்கி நாம் 1-0 முன்னிலை. கேப்டன் சேத்ரி ஓய்வுபெற்று ஐந்தே நாள் ஆன அணி, கத்தார் மண்ணில் கத்தாருக்கு எதிராக! அப்படியே ஜெயித்திருந்தால் நமக்கு 8 புள்ளி. அந்தப் பக்கம் நம் பிரிவில் இரண்டாம் இடத்துக்கு நம்மோடு மல்லுக்கட்டிய குவைத் ஆப்கானிஸ்தானை ஜெயித்தும் அவர்களுக்கு 7 தான். முதல்முறையாக மூன்றாவது சுற்று, கூடவே 2027 ஆசியக் கோப்பைக்கு நேரடி இடம். டிரா ஆனால் 6, பத்தாது. ஆக, இரண்டாவது கோல் விழுவதற்கு முன்பே அந்த ஒரு கோல் நம் கதையை முடித்துவிட்டது. அதற்கப்புறம் பசங்களின் ஆட்டத்தில் உயிரே இல்லை. 85-வது நிமிடத்தில் அல் ராவி அடித்தார், 2-1. கத்தாரோ ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்ட அணி. அவர்களுக்கு அந்த கோலால் எந்த லாபமும் இல்லை, இதுதான் இன்னும் ஆத்திரம்.

குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோற்றதை மறந்துவிடவில்லை. சொந்த மண்ணில் பெனால்டியில் ஒரு கோல் அடித்து முன்னிலையில் இருந்துவிட்டு 2-1 தோற்றது மன்னிக்க முடியாத ஆட்டம், அதற்கு அப்போதைய கோச் ஸ்டிமாச்சை எவ்வளவு திட்டினாலும் தகும். ஆனால் அது ஆடித் தோற்ற மேட்ச். இது பிடுங்கிக்கொண்ட மேட்ச். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

ரீப்ளே பார்த்துத் தீர்ப்பைச் சரிசெய்கிற வி.ஏ.ஆர் ஏன் இல்லை? இரண்டாவது சுற்றுக்கு அது கிடையாதாம்! அதே ஜாசிம் பின் ஹமத் ஸ்டேடியத்தில், நான்கைந்து மாதம் முன்புதான் ஆசியக் கோப்பை மேட்ச்கள் நடந்தன. அந்தத் தொடரின் 51 மேட்ச்களுக்கும் வி.ஏ.ஆர் இருந்தது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று வந்ததும் அது எங்கே போனது? எல்லா நாட்டிலும் வசதி இல்லை என்பார்கள். சரி, வசதி இருக்கிற தோஹாவிலாவது வைத்திருக்கலாமே! வீட்டில் உட்கார்ந்திருக்கிற நாங்கள் ரீப்ளேயில் பார்த்துவிட்டோம், பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே புல் தெரிந்தது. தீர்ப்பு சொல்லவேண்டிய மனுஷர் மட்டும் பார்க்கக்கூடாதாம். என்ன நியாயம் இது?

நம் ஃபெடரேஷன் புகார் கொடுத்தது. ஒரு மண்ணும் நடக்கவில்லை. ஸ்கோர் 2-1 தான். நேராகப் போக வேண்டிய ஆசியக் கோப்பைக்கு ஹாங்காங், சிங்கப்பூர், வங்கதேசம் என்று மறுபடி தகுதிச்சுற்று ஆட வேண்டியதாயிற்று, அதிலும் கோட்டை விட்டோம். 2025 அக்டோபரில் கோவாவில் அதே சாங்தே முதல் கோல் அடித்தும் சிங்கப்பூரிடம் 2-1 தோற்று வெளியேறினோம். 2027-ல் சவூதியில் ஆசியாவே ஆடும், நாம் டிவியில் பார்ப்போம்.

உலகக் கோப்பை என்று பெயர் வைத்தால் முதல் சுற்றிலிருந்தே கேமரா வையுங்கள். பெரிய வி.ஏ.ஆர் அறையெல்லாம் கட்ட முடியாத ஊரா? கோல் லைனுக்கு நேராக பக்கத்துக்கு ஒரு கேமரா, ரெஃப்ரி ஓடிப்போய்ப் பார்க்க ஒரு டிவி. அதுக்குக்கூடவா காசில்லை உங்களிடம்?