கயாக்குக்கு முதலில் சங்கிலி வாங்குங்கள், திரை அப்புறம்

கோடை பிறந்ததும் ஒன்டாரியோவில் தூண்டில் போடும் நம்மவர்களிடையே ஒரே கேள்விதான் சுற்றுகிறது. கிராண்ட் ஆற்றில் ஸ்மால்மவுத் பாஸ் மீன் பிடிக்க எந்தக் கயாக் வாங்கலாம், எத்தனை அங்குலத் திரை உள்ள ஃபிஷ்ஃபைண்டர் (தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி) பூட்டலாம்? பெடல் வைத்தது, மோட்டார் வைத்தது என்று பேச்சு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போய்விடுகிறது.

பிராண்ட்ஃபோர்டுக்குக் கீழே கலிடோனியா வரை, கோடையில் ஆறு பல இடங்களில் இடுப்பளவுதான். அங்கே அந்தத் திரை காட்டப்போவது கயாக்குக்கு நேர் கீழே கிடக்கும் கல்லை. தெளிந்த ஆழமில்லாத நீரில் நிழல் மேலே விழுந்ததுமே ஸ்மால்மவுத் விலகிவிடும். பிடிபடக்கூடிய மீன் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது. அதனிடம் இரையைச் சரியான வேகத்தில் கொண்டுபோவதுதான் வேலை. அதைக் கெடுப்பது காற்று.

மெதுவான ஆற்றில் நீரோட்டத்தைவிடக் காற்றுக்குத்தான் பலம் அதிகம். கயாக் இலேசானது, அதில் உட்கார்ந்திருப்பவர் பாய்மரம் மாதிரி. பின்னாலிருந்து காற்றடித்தால் கயாக் இரையை முந்திக்கொண்டு போகும். நூல் தொய்ந்துவிடும், கடி தெரியாது. பக்கக் காற்றில் கயாக் திரும்பி, நூல் வில்லாக வளைந்து, அடியில் ஊர வேண்டிய இரை நடுத்தண்ணீரில் இழுபடும். "இந்த ஆற்றில் மீனே இல்லை" என்று சலிப்பவர்களில் பாதிப்பேரின் சிக்கல் இதுதான் என்பேன்.

இதற்கு மருந்து இழுசங்கிலி. தடித்த இரும்புச் சங்கிலி 60 முதல் 90 செ.மீ., எடை சுமார் 2 கிலோ. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் உறையாக மாட்டினால் கல்லிடுக்கில் சிக்குவது குறையும், சத்தமும் அடங்கும். இரண்டு மூன்று மீட்டர்க் கயிற்றில் கட்டிப் பின்முனை வழியாக விடுங்கள். கயாக் நிற்காது, ஆற்றைவிட மெதுவாக நகரும், மூக்கு ஆறு ஓடும் திசையைப் பார்த்தே இருக்கும். முன்பக்கம் சாய்வாக எறிந்தால் கயாக்கை இன்னும் பார்க்காத மீனுக்கு இரை போய்ச்சேரும். நூலும் விறைப்பாகவே இருக்கும்.

கயிற்றைப் பக்கவாட்டில் மட்டும் கட்டாதீர்கள். சங்கிலி சிக்கினால் தண்ணீர் பக்கத்தில் முட்டி, சில நொடிகளில் கவிழ்த்துவிடும். பின்முனையில் கட்டினாலும் முடிச்சுப் போடாமல், ஒரே இழுப்பில் விடுபடும் பிடியில் மாட்டுங்கள். கயிற்றின் நுனியில் ஒரு மிதவை இருந்தால் விட்டுவிட்டு அப்புறம் வந்து எடுக்கலாம். உயிர்காப்பு அங்கியில் ஒரு கத்தி இருக்கட்டும். வேகமாக ஓடும் இடத்தில் சங்கிலியை இறக்கவே வேண்டாம்.

இன்னொன்று, முதலில் மேல்நோக்கித் துடுப்புப் போடுங்கள். மெதுவான ஆற்றில் அது முடியும். பிறகு மிதந்துகொண்டே மீன்பிடித்துக் கார் நிற்கும் இடத்துக்கே வந்துவிடலாம், இரண்டாவது கார் தேவையில்லை. கீழே போய்விட்டுத் திரும்புபவர்கள் மதியம் களைத்த கையோடு எதிர்நீரிலும், பல நாள் எதிர்காற்றிலும் தள்ளிக்கொண்டு வருவார்கள்.

கம்பும் நூலும் எளிது. ஏழடி மீடியம் லைட் ஸ்பின்னிங் கம்பு, 2500 அளவு ரீல், 10 பவுண்டு தாங்கும் பிரெய்ட் (பின்னல் நூல்), முனையில் இரண்டு மீட்டர் அளவுக்கு 8 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நூல். இரைக்கு மூன்றரை அங்குல டியூப் (குழல் வடிவ மென்பிளாஸ்டிக் இரை), பச்சை கலந்த பழுப்பு நிறம், உள்ளே 1/8 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடை வைத்த கொக்கி). இங்கே ஸ்மால்மவுத்தின் முக்கிய உணவுகளில் ஒன்று கிரேஃபிஷ், இறால் போன்ற நன்னீர் உயிரி. டியூப் கல்லைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தால் அதுபோலவே தெரியும். 1/4 அவுன்ஸ் போட்டால் ஒவ்வொரு எறியிலும் சிக்கும். சிக்கினால் கம்பை வளைத்து இழுக்காதீர்கள், சிக்கிய இடத்துக்கு மேலே துடுப்புப் போட்டுப் போய் எதிர்ப்பக்கமிருந்து இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். விடியலில் பாப்பர் (நீர்மட்டத்தில் மிதக்கும் செயற்கை இரை) போடுவது பேரின்பம்தான், ஆனால் அதன் மும்முனைக் கொக்கிகளைக் கழற்றி ஒற்றைக் கொக்கி மாட்டி, முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். துள்ளும் மீன் மடியில்தான் விழும்.

மழைக்குப் பிறகு கிளம்பும் முன் கிராண்ட் ஆற்றுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் நீரோட்ட அளவைப் பாருங்கள். மேலேயுள்ள நீர்த்தேக்கங்களிலிருந்து விட்டு, வறண்ட கோடையிலும் பிராண்ட்ஃபோர்டில் நொடிக்கு 17 கன மீட்டர் ஓடவைப்பதுதான் அவர்கள் இலக்கு. ஒரே நாளில் அளவு இரட்டிப்பானால் ஆறு கலங்கிவிட்டது என்று பொருள், வீட்டில் இருக்கலாம்.

அணைகளைப் பற்றி மிகைப்படுத்தவே முடியாது. பிராண்ட்ஃபோர்டின் வில்க்ஸ் அணையும் கலிடோனியா அணையும் உயரம் குறைந்தவை. மேலிருந்து வரும்போது கயாக்கில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு ஒரு கிடைக்கோடுதான் தெரியும். கீழே விழுந்த நீர் திரும்பித் திரும்பிச் சுழன்று, அங்கி போட்டவரையும் உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். எச்சரிக்கைப் பலகைக்கு வெகு முன்பே கரையேறுங்கள். அங்கி, விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு மூன்றும் கயாக்கில் இருக்கட்டும். கரைநிலம் பல இடங்களில் தனியாருடையது, சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி மக்களின் நிலமும் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. கேட்காமல் இறங்காதீர்கள்.

பாஸ் பருவம் ஜூனில்தான் திறக்கிறது. "பிடித்துவிட்டு விட்டுவிடுகிறேனே" என்ற சமாதானம் அதற்கு முன்பு சட்டப்படியும் செல்லாது. சரளையில் முட்டைக்குக் காவல் நிற்பது ஆண்மீன். அதை இரண்டு நிமிடம் தூக்கிப் படம் எடுப்பதற்குள் கோபி மீன்கள் கூட்டை மேய்ந்துவிடும். சரியான தேதியையும் பகுதிவாரித் தனி விதிகளையும் அந்தந்த ஆண்டின் மாகாண விதித்தொகுப்பில் பாருங்கள். பாரிஸுக்கும் பிராண்ட்ஃபோர்டுக்கும் இடைப்பட்ட பகுதியைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

குழம்புக்கு எடுத்துப்போக நினைப்பவர்களுக்கு: ஸ்போர்ட் உரிமத்துக்கு ஆறு பாஸ், கன்சர்வேஷன் உரிமத்துக்கு இரண்டு. மாகாண அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியில் உங்கள் இடத்தையும் மீனின் நீளத்தையும் வைத்துத் தேடுங்கள். மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று அதில் இருக்கும். பெரிய மீனுக்கு அந்த எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு, கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு.