வயர் மாத்தணும், அவ்வளவுதானே?

மறுபடியும் அந்தக் கறுப்பு டேப்! ஈரப் புல்லின் மேல், ஓடிக்கொண்டிருக்கும் புல்வெட்டிக்கு நாலு அடி தள்ளி, எலியை விழுங்கின பாம்பு மாதிரி நடுவில் உப்பிப்போன ஒரு வயர். பிரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். வெட்டுப்பட்ட இடத்தில் உறையை உரித்து, நாலு முனையையும் விரலால் முறுக்கி, இரண்டு முறுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மேலே எட்டுச் சுற்று டேப். கேட்டால் ஒரே பதில்: "ஓடுதுல்ல?"

ஓடும். ஓடத்தான் செய்யும். செப்பும் செப்பும் தொட்டுக்கொண்டால் மோட்டார் சுற்றும், அதைத் தாண்டி மோட்டாருக்கு எதுவும் தெரியாது. ஆனால் டேப்பின் பசை வெயிலில் இளகி வழுக்கும், குளிரில் விறைத்து ஓரம் எழும்பும். எழும்பிய ஓரத்தில் தண்ணீர் நுழையும். நுழைந்த தண்ணீர், திரியில் எண்ணெய் ஏறுவது போல, நூல் நூலான செப்புக் கம்பிகளுக்கு நடுவே உறைக்குள் ஏறும். செப்பு பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த முறுக்கில் கரண்ட் போகும்போது சூடு, சூட்டில் டேப் இன்னும் இளக்கம். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் செருப்பில்லாத காலோடு அந்த வயரைத் தாண்டித் தாண்டிப் புல் வெட்டுகிறார்!

இந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு எர்த்தே கிடையாது என்பதை யாராவது யோசித்தார்களா? பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்கும். இரட்டை இன்சுலேஷன், இரண்டே கம்பி என்று அர்த்தம். வயர் போகும் வழி முழுக்க உங்களுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் நிற்பது அந்த உறை ஒன்றுதான். "எம்சிபி விழுந்துடும்", அதாவது மெயின் பெட்டியில் இருக்கும் தானியங்கி ஸ்விட்ச் கரண்டை அறுத்துவிடும் என்று சொல்லும் மகராசர்களுக்குச் சொல்கிறேன்: விழாது! 6 ஆம்பியர் எம்சிபிக்கு 6000 மில்லி ஆம்பியர் தாண்டினால்தான் உறைக்கவே உறைக்கும். உடம்பில் அதில் இருநூறில் ஒரு பங்கு, 30 மில்லி ஆம்பியர், ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அதற்குத்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள் லைனை அறுத்தாக வேண்டும் என்பது அதற்கு விதி. தோட்டத்து பிளக் பாயின்டுக்கு அது இல்லையென்றால் புல்வெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள், புல் வளர்ந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் டேப் சுற்றியவர் மேல் இருக்கும் கோபத்தைவிட, அவரை டேப் சுற்ற வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். வயர் மாற்றுவது என்பது இரண்டு கம்பி, வயரை இழுபடாமல் இறுக்கும் ஒரு பிடிப்பட்டை, வயர் நுழையும் துளையில் ஒரு ரப்பர் உறை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அந்த வேலையைக் கோபம் பொங்கி வெடிக்க வைக்கும் வேலையாக்கி வைத்திருக்கிறார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும்.

கையேட்டைத் திறந்தால் ஒரே வாக்கியம். எந்தக் கம்பெனி, எந்த மெஷின் என்றாலும் அச்சு மாறாத அதே வாக்கியம்: வயர் சேதமானால் ஆபத்தைத் தவிர்க்க உற்பத்தியாளரோ, அவருடைய சர்வீஸ் ஏஜென்டோ, அதே தகுதி உள்ளவரோதான் மாற்ற வேண்டும். வீட்டு மின்சாதனங்களுக்கான ஐஇசி 60335-1 தரநிலையில், வயரை மெஷினோடு இணைப்பதில் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகை உண்டு. எக்ஸ் சுலபமாக மாற்றக்கூடியது. ஒய் மேலே சொன்ன ஆட்கள் மட்டும் மாற்றக்கூடியது. இசட் என்றால் மெஷினை உடைக்காமல் வயரை மாற்றவே முடியாது. எலெக்ட்ரிக் பல் துலக்கிக்கு இசட் வைத்தால் புரிந்துகொள்ளலாம். கத்தியும் வயரும் தினமும் ஒரே இடத்தில் புழங்கும் தோட்ட மெஷினில், முதலில் அடிபடப் போவது வயர்தான் என்று வரைபடம் போட்ட அன்றைக்கே தெரியாதா? எக்ஸ் வகையில் வைக்க என்ன கேடு?

சரி, வேலை தெரிந்தவர் திறக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். வேலிச்செடி வெட்டும் டிரிம்மர். பிளக்கைப் பிடுங்கியாயிற்று, கத்திக்கு உறை போட்டாயிற்று, கையுறையும் மாட்டியாயிற்று. உடல் இரண்டு பாதி ஓடாக இருக்கும். ஸ்குரூ எண்ணினால் பத்து. எல்லாம் ஆறுமுனை நட்சத்திரத் தலை. டி15 போட்டால் ஆடுகிறது, டி20 போட்டால் சரி. ஒன்பதாவது கைப்பிடிக்கு அடியில், ஒல்லியான குழிக்குள், இரண்டரை அங்குல ஆழத்தில். பிட் ஹோல்டர் அந்தக் குழிக்குள் போகாது, நீளத் தண்டுள்ள ஸ்குரூ டிரைவர் வேண்டும். எடுத்தாயிற்று. பத்தாவதும் எடுத்தாயிற்று. ஓடு பிரியவில்லை. மூக்குப் பக்கம் பிரிகிறது, வால் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நெம்பாதீர்கள்! தயவுசெய்து தட்டை ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், ஓட்டின் நாக்கு முறிந்துவிடும். பதினோராவது ஸ்குரூ ஸ்டிக்கருக்கு அடியில் இருக்கிறது. கம்பெனி பெயர் பளபளப்பாக அச்சடித்த அந்த ஸ்டிக்கர்! விரலால் அழுத்தித் தடவிப் பாருங்கள், ஒரு இடத்தில் பள்ளம் தட்டும். ஸ்குரூவை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு வயராவது மாற்றியிருப்பாரா?

இந்தப் பதினொன்றும் ஒரே நீளமில்லை. எட்டு ஒரு அளவு, இரண்டு குட்டை, கியர் பெட்டியைப் பிடிக்கும் ஒன்று மட்டும் இரும்பு மரை. குட்டை இருந்த குழியில் நீளத்தைத் திருகினால் முனை ஓட்டைத் துளைத்து மறுபக்கம் வரும், விதி இருந்தால் மோட்டார் சுற்றையும் தொடும். அட்டையில் மெஷின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்திலேயே ஸ்குரூவைக் குத்தி வையுங்கள். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டால், மாலை வரை கிண்ணத்தையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போது ஓடு பிரிகிறது. பிரிந்த அடுத்த நொடி, டிங்! ஸ்பிரிங் பறந்துவிட்டது. இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓட வேண்டும் என்பதற்காக முன்கைப்பிடியையும் பின்விசையையும் இணைக்கும் பிளாஸ்டிக் நெம்பு ஒன்று உள்ளே இருக்கும், அதன் அடியில் உட்கார்ந்திருந்த ஸ்பிரிங் அது. பாதுகாப்புக்கு அது வேண்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. அதை ஒரு குமிழிலாவது மாட்டி நிறுத்தக் கூடாதா? ஓடு மூடியிருக்கும் வரைதான் ஸ்பிரிங் நிற்கும் என்று வைத்தால், திறப்பவன் என்ன செய்வான்? அதனால்தான் சொல்கிறேன், மெஷினைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேல் ஓட்டை நேராக, மெதுவாகத் தூக்குங்கள். தூக்கியதும் எதையும் தொடாமல் போனில் நாலு போட்டோ. அந்தப் போட்டோ இல்லாமல் அந்த நெம்பைத் திரும்ப உட்காரவைத்தவர்களுக்குக் கோயில் கட்டலாம்.

இத்தனைக்கும் பிறகு பார்த்தால், பாதி நேரம் புது வயரே தேவைப்பட்டிருக்காது! வயர் உள்ளுக்குள் அறுவது பெரும்பாலும் மெஷினுக்குள் நுழையும் ரப்பர் உறையை ஒட்டி, முதல் சில சென்டிமீட்டரில். வளைந்து நிமிர்ந்து வளைந்து நிமிர்ந்து செப்பு நூல்கள் ஒவ்வொன்றாக அறும். ஆட்டினால் ஓடும், விட்டால் நிற்கும். மல்டிமீட்டரை, கம்பி அறாமல் இருந்தால் சத்தம் போடும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒவ்வொரு கம்பியாக, அந்த இடத்தை வளைத்துப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் 15 சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு அதே வயரைத் திரும்ப மாட்டலாம்.

புது வயர்தான் என்றால் அடுத்த கூத்து. கடையில் "வெளியில போடுற வயர்" என்று கேட்டால் மேசை விளக்கு வயரை எடுத்து நீட்டுகிறார்கள். பிவிசி! குளிரில் குச்சி மாதிரி விறைக்கும், வெயிலில் வெடிக்கும். கேட்க வேண்டியது ரப்பர் உறை வயர், உறை மேலேயே எச்05ஆர்என்-எஃப் என்று பொறித்திருக்கும். 05 என்பது 300/500 வோல்ட், ஆர் ரப்பர், என் நியோப்ரீன் மேலுறை, எஃப் நெகிழ்வான நுண்கம்பி. இரட்டை இன்சுலேஷன் மெஷினுக்கு இரண்டு கம்பி வயர். மூன்று கம்பி வயரைப் போட்டுவிட்டு, மிஞ்சும் பச்சை-மஞ்சள் எர்த் கம்பியை வெட்டாமல் உள்ளே சும்மா தொங்க விடுகிறார்களே, அது எங்கே போய்த் தொடும் என்று ஒரு நிமிடம் நினைக்க வேண்டாமா?

கனத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். 1400 வாட் புல்வெட்டி 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் 0.75 சதுர மி.மீ. என்றால், போக வர 60 மீட்டர் செப்பு, ஏறக்குறைய 1.6 ஓம், 9 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காலி. அதுவும் ஓடும்போது. தொடங்கும்போதும் புல்லில் திணறும்போதும் இதைவிட எத்தனையோ மடங்கு. 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு பாதி. "மோட்டார் வீக்" என்று மெஷினைத் தூக்கிப் போட்டவர்கள் எத்தனை பேர், ஒல்லி வயர்தான் காரணம் என்று தெரியாமலே!

மாட்டும்போது பிடிப்பட்டைதான் உயிர். இரண்டு ஸ்குரூ, நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. அது பிடிக்க வேண்டியது மேலுறையை, உள் கம்பிகளை அல்ல. உறை பட்டையைத் தாண்டி அரை சென்டிமீட்டராவது உள்ளே வந்திருக்க வேண்டும். பட்டை உடைந்துவிட்டது என்று வயரில் முடிச்சுப் போட்டு நிறுத்துகிறார்கள். முடிச்சைத் தரநிலை வாய்திறந்தே தடுக்கிறது! 1 முதல் 4 கிலோ வரையுள்ள மெஷின் வயரை 60 நியூட்டன், அதாவது ஆறு கிலோ தொங்கவிட்ட அளவு விசையில், 25 தடவை இழுத்தாலும் 2 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது என்பது கணக்கு. முடிச்சு தாங்குமா இதை?

ரப்பர் உறை பழைய வயரோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் அது திரும்ப வராது. தனி உறை வாங்குங்கள், வயரின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்துவிட்டு வாங்குங்கள். உள்ளே போக மறுத்தால் துளி சோப்பு நீர், பிறகு துடைத்துக் காயவிட வேண்டும். எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். உறையே இல்லாமல் வெறும் துளையில் வயரை விட்டால் ஓட்டின் விளிம்பு அறுத்துவிடும், திரும்ப முதல் ஸ்குரூவிலிருந்து.

ஸ்விட்சில் செருகு முனை இருந்தால் இழுத்துப் பிய்க்காதீர்கள். பக்கத்துத் துளையில் மெல்லிய ஊசியை அழுத்தினால் கம்பி தானாக விடும். ஸ்குரூ முனை என்றால், கம்பியின் நுனியில் ஈயம் வைத்து அழகு பார்ப்பவர்களே, நிறுத்துங்கள். ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கி ஓடும், ஸ்குரூ தளரும், முனை சுடும். கம்பி நுனியில் மாட்டும் சின்ன உலோக நுனிக்குழல் போட்டு அழுத்துங்கள். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். மூடும்போது ஒவ்வொரு ஸ்குரூவையும் முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள், 'டக்' என்று பழைய மரையில் விழும், அப்புறம் வலப்பக்கம். பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டினால் அடுத்த முறை ஸ்குரூ நிற்காது.

மூடியாயிற்று என்று உடனே பிளக்கைச் செருகாதீர்கள். பிளக்கின் இரண்டு காலையும் ஒன்றாக இணைத்து, விசையை அழுத்தி, கத்திக்கும் அதற்கும் நடுவே 500 வோல்ட் மெகர், அதாவது இன்சுலேஷனை அளக்கும் மீட்டர் வையுங்கள். 2 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் திரும்பத் திறக்க வேண்டியதுதான், கண்ணீர் வந்தாலும்.

வெட்டுப்பட்டது மெஷின் வயர் இல்லை, எக்ஸ்டென்ஷன் என்றால் அதை இரண்டாக வெட்டி நீர்புகா இணைப்பி போடுங்கள். சாக்கெட் கரண்ட் வரும் பக்கம், கால் நீட்டிய பிளக் மெஷின் பக்கம். இதை மாற்றி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்! இணைப்பு கழன்றால் புல்லில் கிடக்கும் இரண்டு பித்தளைக் காலுக்கும் நடுவில் முழு 230 வோல்ட். நினைத்தாலே கை நடுங்குகிறது.

இதெல்லாம் முடிந்து, வயர் உறுதியாகி, மெகரும் பாஸாகி, புல்லோரம் வெட்டும் டிரிம்மரை எடுத்தால், அந்த நைலான் நூல்! தரையில் தட்டினால் நீளும் என்று எழுதியிருக்கிறது. தட்டு, தட்டு, தட்டு. ஒரு அங்குலம் வராது. திறந்தால் சூட்டில் சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டு கல் மாதிரி இருக்கும். அதை உரித்து, அம்புக்குறிப் பக்கமாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்றி, மூடியை மூடப் போனால், அந்த மூடிக்கு அடியிலும் ஒரு ஸ்பிரிங்!