அணுகுண்டுக்குப் பயம், மத்தாப்புக்குச் செல்லம்

பெரிய வெடிக்குத் திரி கிள்ளும்போது காதைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கிறவர்கள்தான், அடுத்த நிமிடமே மூன்று வயதுக் குழந்தையின் கையில் கம்பி மத்தாப்பைக் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். பட்டாசு விஷயத்தில் நமக்கு இருக்கிற பயமெல்லாம் சத்தத்தின் மேல்தான். சூட்டுக்கு யாரும் பயப்படுவதாகத் தெரியவில்லை.

கம்பி மத்தாப்பு எரியும்போது அதன் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். கொதிக்கிற தண்ணீரே 100 டிகிரிதான். "பொறி கையில் பட்டால் சுடுவதில்லையே?" என்று கேட்பார்கள். பொறி என்பது தூசி அளவு உலோகத் துகள். அதில் இருக்கிற சூடு கொஞ்சம்தான், சீக்கிரம் ஆறிவிடும். கம்பி அப்படி இல்லை. அணைந்து, சிவப்பு மறைந்து, கறுப்பாகத் தரையில் சாதுவாகக் கிடக்கும்போதும் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும். வெறுங்காலோடு ஓடிவருகிற பிள்ளை மிதிப்பது அதைத்தான். எரிந்து முடிந்த கம்பி நேராக வாளித் தண்ணீருக்குள் போக வேண்டும், கையில் பிடித்திருப்பவர் காலில் செருப்பு போதாது, ஷூ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மத்தாப்பே வேண்டாம் என்பது என் கட்சி. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறு கையில் மத்தாப்பு பிடிப்பதும் வேண்டாம். நான்கைந்து மத்தாப்பைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்துவது விளையாட்டே இல்லை; மொத்தமும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும்.

அடுத்தது, வெடிக்காமல் போன வெடி. திரி எரிந்து உள்ளே போய்விட்டது, சத்தம் வரவில்லை. உடனே ஒருவர் போய்க் குனிந்து பார்ப்பார், சிலர் காலால் தட்டியும் பார்ப்பார்கள். புகை தெரியாவிட்டால் அணைந்துவிட்டது என்று நினைப்பதுதான் தப்பு. வெடிமருந்து எரிய வெளிக்காற்று தேவையில்லை. அதில் கலந்திருக்கிற வெடியுப்பே எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் கொடுத்துவிடும். அதனால் இறுகச் சுற்றிய காகிதத்துக்குள்ளும் திரி கனன்றுகொண்டே இருக்கலாம். குறைந்தது 20 நிமிடம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அப்புறம் எட்ட நின்று தண்ணீர் ஊற்றி, நன்றாக ஊறவிட்டு அப்புறப்படுத்துங்கள். மறுபடி பற்றவைக்க வேண்டாம். மறுநாள் காலையில் பையன்கள் இந்த வெடிகளைப் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் கொளுத்துவார்கள். அது குப்பென்று முகத்துக்கு நேராக எழும்பும். ராத்திரியே தெருவைக் கூட்டித் தள்ளிவிட்டால் அந்த வேலை நடக்காது. நமத்துப்போன பட்டாசை அடுப்புப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

ராக்கெட்டைக் கண்ணாடி பாட்டிலில் நிறுத்தாதீர்கள். சாய்ந்தால் யார் வீட்டு ஜன்னலுக்குள் போகும் என்று தெரியாது, பாட்டில் உடைந்தால் சில்லு பறக்கும். ஈர மணல் நிரப்பிய வாளியில் ஒரு குழாய்த் துண்டை நேராக நட்டு, அதில் வையுங்கள். மேலே மரமோ மின்கம்பியோ இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். புஸ்வாணத்தின் மேல் முகத்தை நீட்டிப் பற்றவைப்பது வேண்டாம். நீளமான ஊதுபத்தியை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் நீட்டினால் போதும்.

உடை விஷயத்தில் பருத்தியே நல்லது. பருத்தியும் எரியும்தான், ஆனால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, முந்தானை எதுவாக இருந்தாலும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். இன்னொன்று, ஆல்கஹால் கலந்த சானிடைசரைத் தடவிய ஈரம் காயாத கையோடு நெருப்புப் பக்கம் போகாதீர்கள்.

கையில் கொளுத்தித் தூக்கிப்போடுகிற வீரர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. பெரும்பாலும் அவர் குடித்திருப்பார். அவரிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி வைக்க, நிதானமான ஒருவர் கூட்டத்தில் இருந்தே ஆக வேண்டும். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

சரி, சுட்டுவிட்டது, என்ன செய்வது? பற்பசை, மை, மாவு எதுவும் பூசக் கூடாது. பூசினால் சூடு உள்ளேயே தங்கும், மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், அது தோலை மேலும் கெடுக்கும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

கண்ணில் பட்டால் கதை வேறு. தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, வீட்டில் இருக்கிற சொட்டு மருந்தை விடக் கூடாது. ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணில் படாதபடி மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். வலி குறைந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பிள்ளையைத் தூங்கவைக்காதீர்கள்.